காற்றடிக்கப் போன கார்

ஹம்சினியின் நோட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்தது. மாவுக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்த ஜானு, தப்பாகக் கழித்திருக்கிறாய் என்று மகளிடம் சொன்னாள். பதினொரு வயதுப் பெண்ணிடம் கழித்தலில் தப்பு என்றால் பொறுப்பாளா? கீழே ஓடிப்போய், வாசலில் நின்ற பியட் காரின் கண்ணாடிக்குள் எக்கி மீட்டரை மறுபடி படித்து, மூச்சிரைக்கப் படியேறி வந்து மறுபடி கழித்து, அதே ஐம்பத்திரண்டைக் காட்டினாள். அன்று காலை சங்கரன் டயருக்குக் காற்றடித்துவிட்டு வருகிறேன் என்று காரை எடுத்துப் போனதைத் தவிர கார் வேறெங்கும் போகவில்லை. காற்றடிக்கும் கடையோ துரைசாமி சப்வேக்குப் பக்கத்தில். மேற்கு மாம்பலத்தில் அவர்கள் வீட்டிலிருந்து நடந்தே போனாலும் பத்து நிமிஷம்.

"ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்னா எவ்ளோ தூரம்மா?" என்று கேட்டான் ஏழு வயது அச்யுத்.

"செங்கல்பட்டே போயிடலாம்டா" என்றாள் ஹம்சினி. "அப்பா எங்க போயிருந்தா?"

ஜானுவுக்கும் அதே கேள்விதான். ஆனால் மாவு பொங்கிவிடும் என்று ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நோட்டைக் கொடுத்ததே சங்கரன்தான். மைசூருக்குப் போவதென்றால் லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும், தினம் சாயங்காலம் மீட்டரைப் பார்த்து எழுது என்று மகளை உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்திருந்தான். தான் கொடுத்த வேலையில் தானே மாட்டிக்கொள்வோம் என்று பாவம் அவனுக்குத் தோன்றவில்லை. திட்டம் போடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. எடுத்துப்போக வேண்டியது என்று ஒரு பட்டியல்: கயிறு, டார்ச், மாற்று ஃபேன் பெல்ட், அச்யுத் வாந்தி எடுத்தால் எலுமிச்சம்பழம், எலுமிச்சம்பழத்துக்கும் கேட்காவிட்டால் பிளாஸ்டிக் கவர். இன்னொரு தாளில் நேரம்: ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஐந்து ஐம்பதுக்குப் பூந்தமல்லி, எட்டுக்கு வேலூர், பத்தரைக்குக் கிருஷ்ணகிரி, பன்னிரண்டரைக்குப் பெங்களூர், நாலு மணிக்கு மைசூர். வேலூரில் காபிக்குப் பதினைந்து நிமிஷம் என்பது வரைக்கும் எழுதியிருந்தான். நந்தனத்தில் ஆபீஸில் அவன் எழுதும் குறிப்புகளில்கூட இத்தனை நறுவிசு இருக்காது.

போவதில்தான் தகராறு. ரிட்டயரான மேலதிகாரியிடமிருந்து காரை வாங்கி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு, மாதம் ஒருமுறை கபாலி கோவில், எப்போதாவது பெசன்ட் நகர் கடற்கரை. அதற்குமேல் அந்தக் கார் உலகத்தைப் பார்த்ததில்லை. மைசூர்ப் பயணம் பூஜை லீவில் கிளம்ப இருந்தது. ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. கிறிஸ்துமஸ் லீவில் கிளம்ப இருந்தது. ரேடியேட்டரில் சத்தம் வந்தது. பொங்கலுக்கு அச்யுத்துக்கு ஜலதோஷம் வந்தது, அது அச்யுத்துக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஹம்சினி வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, லீவு முடிந்து போனதும் அரண்மனை எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. பொங்கலுக்குப் பிறகு அவள் உண்மையைச் சொல்லவில்லை. அரண்மனை பெரிசா இருந்தது என்று சொல்லிவிட்டாள். அந்தப் பொய்யை மகள் வந்து மெதுவாக ஒப்புக்கொண்டாள். இந்த மே மாதம் எப்படியும் போயே தீர வேண்டும் என்று ஜானு அன்றே தீர்மானித்தாள்.

இப்போது இந்த ஐம்பத்திரண்டு. நோட்டைப் பின்னால் புரட்டினால் அதற்கு முந்தைய ஞாயிறும் ஐம்பத்திரண்டுதான், அதற்கு முந்தையதும். துணி உலர்த்தும்போது, வேறு பெண்ணாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்து, ஃபேன் பெல்ட்டைப் பட்டியலில் எழுதுகிற மனுஷனுக்கு வேறு பெண்ணா என்று தனியாகச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் போய் அவன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்துப் பார்க்கத்தான் செய்தாள். டீசல் புகை நாற்றம். பையோரத்தில் டீக்கறை. பிறந்தது முதல் காபியைத் தவிர எதையும் தொடாத குடும்பம் அது. இவன் டீ குடித்து அவள் பார்த்ததே இல்லை. நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் ஒரு காரணம் சொல்வான், அதுவும் நம்பும்படியாகவே இருக்கும். அவளுக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை, விஷயம் தெரிய வேண்டியிருந்தது. கோபப்பட வேண்டிய கட்டமெல்லாம் பொங்கலோடு முடிந்துவிட்டது. இப்போது அவளுக்கு இருந்ததெல்லாம் இந்த மனுஷன் என்னதான் செய்கிறான் என்ற குறுகுறுப்புதான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை விடிகாலை மைசூருக்குக் கிளம்புவதாக இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் சங்கரன் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியின் முன் போய் நின்றான். வாழ்க்கையில் அதில் தேதியைத் தவிர எதையும் படித்திராதவன், அன்றைக்கு இரண்டு தாளைத் தூக்கி வெள்ளிக்கிழமையின் பொடி எழுத்தைப் படித்தான்.

"ஜானு, வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். மைசூர் மேற்கேன்னா இருக்கு? குழந்தைகளை அழைச்சுண்டு போறோம். பேசாம அடுத்த மாசம்..."

"அதுக்கென்ன, பரஸ்தானம் வெச்சுட்டாப் போச்சு" என்றாள் ஜானு.

ஹம்சினி அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். கிளம்புகிற அன்றைக்கு நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் பிரயாணப் பை ஒன்றைக் கொண்டுபோய் வேறொருத்தர் வீட்டில் வைத்துவிட வேண்டும். அப்போதே கிளம்பியாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் சூலமும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று ஜானு விளக்கினாள். பையை எப்போது திரும்பக் கொண்டுவருவது என்று அச்யுத் கேட்டான்.

"கொண்டுவரவே கூடாது. போயிட்டு வந்தப்பறம்தான் அது ஆத்துக்குள்ள வரலாம்."

"அப்போ நாம கிளம்பியாச்சா?" என்று குதித்தான் அவன்.

வேட்டி, சட்டை, சங்கரனின் ஷேவிங் செட், எல்லாவற்றையும் நீலப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து, கீழ் வீட்டு அன்வரி பேகத்திடம் ஜானுவே கொண்டுபோய்க் கொடுத்தாள். குழந்தைகள் பின்னாலேயே ஊர்வலம் போனார்கள். "பை என்னாம்மா, நீங்களே வந்து இருந்துக்கங்க" என்று சொல்லி அந்த அம்மாள் அதைத் தன் தையல் மிஷின் மேல் பத்திரமாக வைத்தாள். ஜானு மேலே வந்தபோது சங்கரன் நாட்காட்டியின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான். நன்றாக மடக்கிவிட்டோம் என்ற சிரிப்போடுதான் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் மாட்டிக்கொண்ட திருடனின் முகமாக இல்லை. ஊசி போட வரிசையில் நிற்கும்போது அச்யுத்துக்கு இப்படித்தான் உதடு வெளுக்கும். அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்குச் சாவி எடுக்கும் சத்தம் கேட்டது. ஜானு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூங்குகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும்படி அன்வரி பேகத்திடம் சொல்லிவிட்டு, அவன் காரைக் கிளப்புவதற்குள் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"காத்தடிக்கத்தானே? நானும் வரேன்."

சங்கரன் அவளையே பார்த்தான். பிறகு கியரைப் போட்டான். சப்வே பக்கம் திரும்பவில்லை. அசோக் நகர், வடபழனி, வளசரவாக்கம், போரூர். பால் வண்டிகளும் பேப்பர் போடுகிறவர்களும்தான் ரோட்டில். நன்றாகத்தான் ஓட்டினான், கை காட்டித் திரும்பினான், மாட்டுக்கு நின்றான். பூந்தமல்லி தாண்டியதும் வீடுகள் குறைந்து ரோடு ஒரே நீளமாக விரிந்தது. அங்கிருந்துதான் லாரிகள். இன்னும் சில மைல் போனதும் ஒரு புளியமரத்தடி டீக்கடையின் முன்னால் காரை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான். ஹம்சினியின் நோட்டில் இருந்த ஐம்பத்திரண்டில் சரிபாதி இங்கே முடிகிறது என்று ஜானுவுக்குப் புரிந்தது.

பாய்லருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் இரண்டு கண்ணாடி டம்ளரோடு வந்தாள்.

"இன்னா சார், இன்னிக்கு அம்மாவையும் இட்டாந்துட்டீங்க. ஞாயித்துக்கெயமதான வருவீங்க? இன்னிக்காச்சும் தாண்டுவீங்களா, இல்ல இப்டியே திருப்பிக்கினு போவீங்களா?"

"சுலோச்சனா, சும்மா இரும்மா" என்றான் சங்கரன். காது வரை சிவந்துவிட்டது.

அவள் போன பிறகு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பூஜை லீவுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோடு எப்படி இருக்கிறது என்று தனியாக வந்து பார்த்தானாம். முன்னால் ஒரு லாரி. அதைத் தாண்டுவதற்காக வலது பக்கம் ஏறியபோது எதிரே ஒரு பஸ். எப்படி ஒடித்தான் என்று தெரியவில்லை, கார் ரோட்டை விட்டு இறங்கிச் சேற்றில் நின்றது. அடி ஒன்றும் இல்லை. சுலோச்சனாவும் இன்னும் இரண்டு பேரும்தான் தள்ளிவிட்டார்கள்.

"எதிர்ல வரவனைப் பாத்துண்டே அவன் பக்கம் போகணும் ஜானு. இந்த ரோட்டுல ஒரு லாரியைத் தாண்டணும்னா வேற வழி கிடையாது. எனக்கு அது வரலை. அன்னிக்கு நான் மட்டும் இருந்தேன். பின்னால குழந்தைகள் உக்காந்திருந்தான்னா..." கண்ணாடியில் காலியான பின் சீட்டைப் பார்த்தான். "தினமும் ஆத்துல உக்காந்து பிளான் போடறச்சே போயிடலாம்னுதான் இருக்கு. இங்க வந்தா முடியலை. எட்டு மாசமா வரேன். இந்த மரத்துக்கு அந்தண்ட போனதில்லை."

எட்டு மாதமாக ஒரு டீக்கடைக்காரிக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று முதலில் ஜானுவுக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடியே தன்மேல் வெட்கமாக இருந்தது. பயந்துபோன மனுஷனைப் பிடரியில் கைவைத்துத் தள்ளியிருக்கிறோம், அந்தப் பையை வைத்திருக்கவே கூடாது என்று நினைத்தாள். ஆனால் பையை வைத்தாகிவிட்டது. அரண்மனை பெரிசாக இருந்தது என்று சொன்ன பெண் இந்நேரம் எழுந்து அப்பா அம்மா எங்கே என்று தேடிக்கொண்டிருப்பாள். ஜானு டீயை ஒரு வாய் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

"தாண்டாமலே போனா என்ன?" என்றாள்.

"அப்படீன்னா?"

"லாரிக்குப் பின்னாலயே போறது. அவன் நின்னா நாம தாண்டிக்கலாம்."

"மைசூர் வரைக்குமா? நாலு மணிக்கு எங்க போய்ச் சேரறது? ரெண்டு நாள் ஆகும்."

"ஆகட்டுமே. மைசூர் எங்க ஓடிப்போறது? நாலு மணின்னு எழுதினது நீங்கதானே, அரண்மனைக்காரனா எழுதினான்?"

சங்கரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஜானு கண்ணாடிக்கு வெளியே, மரத்துக்கு அந்தப் பக்கம் போகும் ரோட்டைப் பார்த்தாள். இத்தனை பயமுறுத்திய ரோடு அங்கே எப்படித்தான் இருக்கிறது என்று அவளுக்கு நிஜமாகவே பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"கொஞ்ச தூரம் போகலாமா? பின்னாலயே. தாண்ட வேண்டாம். பாக்கணும் எனக்கு."

அப்போது மெதுவாக ஒரு லாரி போயிற்று. கல்யாணப் பந்தல் சாமான் ஏற்றிய லாரி. சங்கரன் அது போகும்வரை காத்திருந்து, சாவியைத் திருப்பி, அதன் பின்னால் காரை ஏற்றினான். புளியமரம் பக்கவாட்டில் வந்து பின்னால் போயிற்று. சுலோச்சனா பாய்லரை விட்டு ரோட்டோரம் வரை ஓடிவந்து என்னவோ கத்தினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வயல்கள் வந்தன. ஒரு ஏரி வந்தது, கரையில் யாரோ எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தார்கள், அதற்கு ஒரு குறையும் இல்லை. அவன் தோள் சற்றுத் தளர்ந்ததை ஜானு கவனித்தாள்.

லாரியில் மூங்கிலுக்கும் ஜமக்காளச் சுருள்களுக்கும் மேலே, வரவேற்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலி இவர்களைப் பார்த்தபடி கயிற்றால் கட்டியிருந்தது. அதில் கைலி கட்டிய ஆள் ஒருவன் ஒரு காலை மடக்கிப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் இந்தக் கார் ஏன் பின்னாலேயே வருகிறது என்று பார்த்தான். பீடியைப் போட்டான். உடம்பைத் திருப்பி, இவர்களுக்குத் தெரியாத முன்பக்கத்து ரோட்டை எட்டிப் பார்த்தான். பிறகு இவர்கள் பக்கம் திரும்பாமலே வலது கையை நீட்டி, வா வா என்று வீசினான்.

"என்ன சொல்றான்?" என்றான் சங்கரன்.

"தாண்டி வரச் சொல்றான்."

சங்கரனின் கை கியர் மேல் போயிற்று, அங்கேயே இருந்தது. ஜானு போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் என்ன செய்யப்போகிறான் என்று அவளுக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மேலே அந்த ஆள் மாப்பிள்ளை நாற்காலியில் முழங்கால் போட்டு எழுந்து, முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு, ரோடு காலியாகத்தானே இருக்கிறது இன்னும் என்ன என்பதுபோல, கையை வீசிக்கொண்டே இருந்தான்.