முன்பிடியும் பின்பிடியும்

இக்காலத்து மாந்தரின் போக்கு எனக்கு விளங்கவில்லை. விளங்கிய வரையில் பிடிக்கவும் இல்லை. காலையில் கண்ணை மூடிச் சற்று நேரம் உட்கார்ந்து எழுந்தவன், அதற்குள்ளாகவே தன் உள்ளத்து அழுக்கெல்லாம் கழுவுண்டு போயிற்றெனக் கருதி, நெற்றி நிறைய நீறும் வாய் நிறைய அருள்மொழியுமாகத் தெருவில் இறங்கி, முதல் திருப்பத்திலேயே தன்மேல் உரசிய மிதிவண்டிக்காரனைப் பெற்றவள் வரைக்கும் இழுத்து ஏசுகிறான். மாலையில் அவனே நம்மிடம் வந்து, "நான் இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லீங்க, ரொம்ப மாறிட்டேன்" என்கிறான். மாறியவன் அதைப் பறை சாற்றித் திரிவானா? கற்றறிந்த நீங்கள் வேறு விதமாக எண்ணக்கூடும், எண்ணிக்கொள்ளுங்கள். நான் நாற்பதாண்டு கண்ணாடி சுமந்தவன். அப்பால் இருப்பதை அப்படியே காட்டும் பொருளையும் இரு புறமும் தடவிப் பார்த்த பின்னரே தூக்குவேன்.

கதிரவன் எதிர்வரிசைக் கூரைகளுக்கு மேலே தலைகாட்டும் வேளையில், எங்கள் கண்ணாடித் தெருவைப் போல் ஒளிரும் தெரு வேறொன்று இராது. கடைதோறும் சுவரில் சாய்த்து நிறுத்திய ஆளுயரத் தகடுகள் முதற்கதிரை வாங்கி ஒன்றன்மேல் ஒன்று எறிந்து விளையாட, எதிர்ச்சுவரெங்கும் ஒளித்துண்டுகள் மீன்களெனத் துள்ள, வெட்டுமேசைமேல் வைரமுனை கீறிச் செல்லும் ஒலி பல்லைக் கூசச் செய்ய, கையில் தோலுறையும் தோளில் தடித்த துணியுமாகச் சுமப்போர் இருவர் இருவராக வந்து நிற்பர். பெருந்தகட்டை ஒருவன் சுமக்க இயலாது. முன்னே பிடிப்பவன் முன்பிடி; பின்னே பிடிப்பவன் பின்பிடி. முன்பிடியின் முகம் பின்பிடிக்குத் தெரியாது. ஆயினும் அவன் உறங்கினானா, வீட்டில் சண்டையிட்டு வந்தானா, உண்ட உணவு செரித்ததா என்பதெல்லாம் தகட்டின் வழியே கைக்கு வந்து சேரும். எழுதாத சட்டம் ஒன்றே எங்களுக்கு உண்டு: கை நடுங்கினாலும் கால் இடறினாலும் மனம் கலங்கினாலும் 'வை' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும், கேட்டவன் ஏன் என்று வினவாமல் இறக்கி வைக்க வேண்டும்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக என் முன்பிடி ஒரே ஆள். என் தங்கையின் கணவன். தெருவில் அவனுக்குச் 'சிதறல்' என்று பெயர். சூட்டியவர் எங்கள் கடை வெட்டுக்காரர். உலர்ந்த வைக்கோலில் பொறி விழுந்தாற்போல் அவனுக்குச் சினம் மூளும். மூண்டால் கையில் இருப்பது எதுவோ அது போகும். அத்தனை ஆண்டிலும் 'வை' என்ற சொல் அவன் வாயிலிருந்து ஒருமுறையும் வந்ததில்லை. இறக்கி வைப்பதை இழிவென்று கருதி, கை வெடவெடத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தே மூன்று பெருந்தகடுகளைத் தூளாக்கினான். என் தங்கையை அவன் அடித்ததில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அவ்வீட்டில் முழுதாக நின்ற பொருள் குறைவு. அவள் மனமும் முழுதாக நிற்கவில்லை.

அவள் நாள்தோறும் விளக்கேற்றி முருகன் திருப்பெயரை ஆயிரத்தெட்டு முறை சொல்பவள். ஒருநாள் காலை, "கூப்பிட்டது காதுல விழலையா?" என்று கத்திக்கொண்டு வந்தவன், எரிந்துகொண்டிருந்த பித்தளை விளக்கைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தான். அவள் எஞ்சியிருந்த பெயர்களைச் சொல்லி முடித்தாள். எழுந்தாள். என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதன்பின் பதினொரு திங்கள். வீடு இருண்டு கிடப்பது பொறாமல், ஒருநாள் அவ்விளக்கையே தேடியெடுத்து ஏற்றினானாம். ஏற்றியவன் வெறுமனே உட்கார்ந்திருக்க மாட்டாமல், அவள் சொல்லும் பெயரைத் தானும் சொல்லிப் பார்த்தானாம். முதல் நாள் நாற்பதைத் தாண்டவில்லையாம். எண்ணிக்கை தப்பியதற்கே சினங்கொண்டு எழுந்துவிட்டானாம். மறுநாள் மீண்டும் உட்கார்ந்தானாம். இவையெல்லாம் அவன் வாய்மொழி. நான் பார்த்தேன் அல்லேன். நான் பார்த்தது இவ்வளவே: தகடு தூக்கி நடக்கையில் அடிக்கு ஒரு பெயராக அவன் பிடரி மெல்ல அசைந்தது. வெட்டுக்காரர் சும்மா விடுவாரா?

"என்ன சிதறல், சாமியாராயிட்டியாமே? தகட்டையும் கண்ண மூடிட்டேதான் தூக்குவியா?"

முன்பெனில் சில்லுக்கூடை பறந்திருக்கும். அவனோ உறையை மாட்டிக்கொண்டே, "கண்ணு தெறந்துதான் இருக்கு வெட்டுக்காரரே. வாயைத்தான் மூடப் பழகுறேன்" என்றான். கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மனைவி திரும்ப வேண்டும்; அதற்கு ஓர் அடியார் வேடம்; பார்ப்போம் எத்தனை நாள் என்றிருந்தேன்.

வியாழனன்று மாலை, தங்கை என் முன்னே தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

"அண்ணே, நாளைக்குச் சாயங்காலம் வந்து கூப்பிடட்டுமான்னு கேட்டு விட்டிருக்கார்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. அவர் பேசினா நம்பமாட்டேன், அழுதாலும் நம்பமாட்டேன். நீதான் தினமும் அவரோட தூக்குற. கை பொய் சொல்லாதுன்னு நீதானே சொல்வ? அந்தக் கை என்ன சொல்லுது?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா."

"அப்ப நாளைக்குக் கேட்டுச் சொல்லு. நீ போன்னா போறேன், இருன்னா இருக்கேன்."

என் மனையாள் இறந்து ஒன்பதாண்டு. இந்தப் பதினொரு திங்களாகத்தான் என் வீட்டிலும் ஒரு விளக்கு எரிந்தது. நேரத்துக்குச் சோறு இருந்தது. இருமினால் யாரென்று கேட்க ஒரு குரல் இருந்தது. இதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அன்றிரவு எனக்கு இது நினைவில் இல்லையென்றால் நீங்கள் நம்பப் போவதில்லை.

வெள்ளி காலை, பல் மருத்துவர் ஒருவரின் மூன்றாம் மாடிக்கு ஒரு தடுப்புத் தகடு போக வேண்டியிருந்தது. குறுகிய படிக்கட்டு, ஒரு புறம் இரும்புக் கைப்பிடி, மறுபுறம் காரை பெயர்ந்த சுவர். அவன் மேலே, நான் கீழே. முதல் மாடி கடந்தது. அவன் நடை நீரோட்டம்போல் சீராக இருந்தது. அச்சீர்மையே என்னை உறுத்தியது. இரண்டாம் மாடியை நெருங்குகையில், இருபத்திரண்டு ஆண்டுகளாக யாரும் அவனிடம் சொல்லத் துணியாத ஒன்றை வேண்டுமென்றே எடுத்து அவன் முதுகில் எறிந்தேன்.

"மாப்ள, விளக்கு ஏத்தினா ரத்தம் மாறிடுமா? உங்கப்பன் உங்கம்மாவ எப்படிச் சாகடிச்சானோ, அப்படித்தானே நீயும் செய்யப் போற?"

தகட்டில் நடுக்கம் வந்தது. ஓடும் வண்டியின் அடிப்பலகையில் கை வைத்தாற்போல், அவன் எலும்பிலிருந்து கண்ணாடிக்கும் கண்ணாடியிலிருந்து என் எலும்புக்கும் ஏறிற்று. அவன் பிடரி சிவந்தது. இதோ, இதோ என்று என் உள்ளம் கொண்டாடியது. இன்னும் நாலு படி ஏறி இரண்டாம் மாடித் தளத்தில் கால் வைத்ததும் நின்றான்.

"வை" என்றான்.

எனக்குக் காது கேட்டதா என்றே ஐயம். ஆனால் சட்டம் சட்டம்தான். தோளில் கிடந்த துணிகளைத் தரையில் உதறிப் போட்டு அவற்றின்மேல் இறக்கி வைத்தோம். அவன் சுவரோரம் குந்தி உட்கார்ந்தான். முழங்காலைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்திருந்தன, உதடுகள் அசைந்தன. அருள் பொழியும் முகமெல்லாம் இல்லை, பல்வலிக்காரனின் முகம். நெடுநேரம் கழித்து, என்னைப் பாராமலே பேசினான்.

"கோபம் வந்துடுச்சு மச்சான். இன்னும் போகல. போற வரைக்கும் கொஞ்சம் இருங்க."

"போகலன்னா?"

"போகலன்னா இங்கயே உட்காந்திருக்க வேண்டியதுதான். பல் டாக்டர் காத்திருப்பார். பிடுங்கறவர்தானே, பொறுமை இருக்கும்."

இந்த நிலையிலும் அவனுக்கு வேடிக்கை வந்தது எனக்குப் பொறுக்கவில்லை. மீண்டும் தூக்கினோம். இப்போது முன்பிடி சீராக இருந்தது. நடுங்கியது என் கை. அவனை உடைக்க நான் வீசிய சொல் அவனிடம் சற்று நேரம் தங்கிவிட்டு, உடையாமல் என்னிடமே திரும்பி வந்திருந்தது. தோற்றவனின் வெட்கமும், நாளை முதல் வெறிச்சிடப் போகும் என் அடுப்படியின் நினைவும், மேலே அசைந்த அந்தப் பிடரியின்மேல் மூண்ட சினமும் ஒன்றாகத் திரண்டு என் மணிக்கட்டுகளில் இறங்கின. ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். மூன்றாம் திருப்பத்தில் என் பக்கத்து மூலை இரும்புக் கைப்பிடியில் இடித்தது. தகடு, கோடை இடிபோல் ஒரு முறை முழங்கி, மேலிருந்து கீழ்வரை பிளந்தது.

கடைக்குத் திரும்பியதும் வெட்டுக்காரர் பிளந்த தகட்டைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல் அவனைப் பார்த்தார். "சிதறல் சாமி, விரதத்த முடிச்சுட்டீங்களா?"

அவன் மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. "வேற தகடு வெட்டுங்க, தூக்கிட்டுப் போறோம்" என்றான். நான் அருகில்தான் நின்றேன். என் உறையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. இந்தப் பெருந்தன்மையும் தங்கை காதுக்குப் போகட்டும் என்ற கணிப்போ என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது; என் மனத்தின் வாகு அப்படி.

பிற்பகலில் வீடு வந்தேன். வாசலிலேயே கேட்டாள்.

"கை என்ன சொல்லுச்சு?"

"தகடு ஒடஞ்சுது" என்றேன்.

அவள் முகம் காற்றில் அணைந்த சுடர்போல் ஆயிற்று. அத்தோடு நிறுத்தியிருந்தால் போதும்; பொய்யும் இல்லை; அவள் என் வீட்டிலேயே இருந்திருப்பாள். உள்ளே போகத் திரும்பினாள். அவள் தோள் தொங்கிய விதம் என்னை விடவில்லை.

"ஒடச்சது நான்" என்றேன். "அவன் 'வை'ன்னான்."

நின்றாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இரு வீட்டிலும் எங்கள் தொழிற்கதைகளைக் கேட்டு வளர்ந்த காது அது. "யாரு, அவரா?"

"அவன்தான். நான் சொன்ன சொல்லுக்கு என் மண்டையில போட்டிருக்கணும். வெச்சுட்டு உட்காந்துட்டான்."

"அப்படி என்ன சொன்ன?"

"அது உனக்கு வேண்டாம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "நீ இருக்கியே அண்ணே" என்றாள், அவ்வளவுதான். துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

மாலையில் அவன் வரும்வரை காத்திராமல் நானே அவளை அழைத்துப் போனேன். அங்கே அவன் தேனொழுகப் பேசினால் உடன் இருந்து கேட்கலாம் என்பது என் எண்ணம். கதவைத் திறந்தவன் ஒன்றும் பேசவில்லை, ஒதுங்கி நின்றான். வீடு பெருக்கியிருந்தது. மாடத்தில் அதே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் பட்டு நெளிந்த இடம் நெளிந்தபடியே இருந்தது. சாய்ந்த பக்கம் எண்ணெய் வழியாதிருக்க, அடியில் ஒரு கண்ணாடிச் சில்லைக் கூர் மழுக்கி அண்டக் கொடுத்திருந்தான். தங்கை குனிந்து அந்த நெளிவை விரலால் தடவினாள்.

"இத ஏன் தட்டி எடுக்கல? பாத்திரக்காரர் ஒரு நொடியில எடுத்துடுவாரே."

"எடுத்துட்டா எனக்கு மறந்து போயிடும்" என்றான் அவன். சற்றுக் கழித்து, "உனக்குப் பார்க்கப் பிடிக்கலன்னா நாளைக்கே எடுத்துடறேன்" என்றான்.

அவள் விளக்கின் முன்னே போனாள். உட்கார்ந்து திரியைத் தூண்டினாள். "இன்னைக்கு எத்தனை ஆச்சு?"

"அறுநூத்தி... தெரியல. கதவு தட்டினதுல தப்பிடுச்சு."

"அப்ப முதல்லருந்து சொல்லணும்."

"சரி" என்றான், முகம் சுளிக்காமல். பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சான், உட்காருங்க. சாப்பிட்டுப் போலாம்" என்றான்.

"வேலை இருக்கு" என்றேன். எனக்கு என்ன வேலை?

வெளியே வந்தேன். தெருவில் மாலை வெயில் மஞ்சளாகப் படிந்து கிடந்தது. பின்னால் இரு குரல்கள் எழுந்தன: ஒன்று நெடுநாள் பழகிய வழியில் வழுக்கிச் செல்வது, மற்றொன்று கல்லும் முள்ளும் கண்டு கால் பார்த்து வைப்பது. நெளிந்த விளக்கையும் ஒருவன் காட்சிக்கு வைக்கலாம். இறக்கி வைக்கும் சொல்லையும் ஒருமுறை சொல்லிவிட்டு மறுமுறை விழுங்கலாம். ஒரு மனிதன் பதினொரு திங்களில் மாறுவானா என்று கேட்டால், இன்றும் நான் தலையசைக்க மாட்டேன். என் கையிலோ தூக்க ஏதுமில்லை. ஆயினும் நாள் முழுதும் சுமந்தவன் போல் தோள் இரண்டும் கனத்தன. அந்த இரு குரல்களும் தெருமுனை வரை என்னுடன் வந்தன. நான் நின்று கேட்கவில்லை. நடையைச் சற்றுத் தளர்த்தினேன். அதுவும் முழங்கால் வலியால்.