கனம் பத்தாத வண்டி

ஆர்ச்சியின் சவப்பெட்டியை நிலக்கரி வண்டியில் ஏற்றி, கொக்கியை மாட்டி, பிரேக்கையும் தளர்த்தியாயிற்று. வண்டி அசையவில்லை.

எஃபி பலகை மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மத்தியானம் வரை அந்தக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன். மாட்டி முடிப்பதற்குள் கரி நிறைந்த வண்டி அவன்மேல் உருண்டுவிட்டது, அவ்வளவுதான். செய்தி வந்தபோது அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நகக்கண்ணில் அந்த மாவு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. அழுகை வரவில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் பேசுவதுகூட எங்கோ தூரத்தில் கேட்டது.

ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி நியூசிலாந்துக்கு வந்து இந்த மலையில் கரி வெட்டுகிறவர்களுக்கு வீடு கட்ட இடம் இருந்தது. புதைக்க மண் இல்லை. உச்சி முழுக்கப் பாறை. செத்தவனும் கரி போகிற செங்குத்துச் சரிவில்தான் கடற்கரைக்கு இறங்கியாக வேண்டும். இரண்டு தண்டவாளம், ஒரே இரும்புக் கயிறு. இறங்குகிற வண்டியின் பாரம்தான் கீழே நிற்கிற வண்டியை மேலே இழுக்கும்.

"பெட்டி கனம் பத்தல அண்ணி," என்றான் பிரேக் பிடிக்கிற கேவின், ஆர்ச்சியின் தம்பி. "கயித்தோட கனத்துக்கே காணாது."

"அடியில கொஞ்சம் கரிய அள்ளிப் போடுங்கப்பா," என்றார் மேனேஜர் பிரிங்கிள்.

யாரும் குனியவில்லை. சுரங்கத்தில் ஒருவன் செத்தால், அவனைப் புதைக்கும்வரை ஒருவரும் கரியைத் தொடமாட்டார்கள். பிரிங்கிளுக்கும் அது தெரியாததல்ல.

"அவ்வளவு அவசரம்னா நீங்களே அள்ளுங்க சார். உங்க கையும் கொஞ்சம் கறுக்கட்டும்," என்றார் மக்ரே கிழவர்.

"அப்ப கல்லப் போட்டுத் தொலைங்க!"

"சரிவுல கல்லு உருண்டு பெட்டிய நொறுக்கிடும் சார்," கேவினின் குரல் உடைந்தது. "நேத்து நொறுங்கினது போதாதா?"

பிரிங்கிள் மழைக்கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "சரி, பெட்டிய ஷெட்டுல வைங்க. நாளைக்கு வேலை ஆரம்பிச்சதும் கரியோட கரியா இறக்கிடலாம்."

கரியோட கரியா. அது மட்டும் எஃபியின் காதுக்குள் சுத்தமாக விழுந்தது.

கல்யாணமான புதிதில் அந்த வண்டியில்தான் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு மேலே வந்தாள். அதன் பிறகு ஒருமுறைகூட இறங்கியதில்லை. இங்கே பாதிப் பெண்கள் அப்படித்தான். சரிவை எட்டிப் பார்த்தாலே குலை நடுங்கும். உன்னை இறக்கணும்னா ரெண்டு பிரேக் வேணும்டி என்று ஆர்ச்சி கேலி செய்வான். புருஷனை அடக்கம் செய்யும்போதுகூட இறங்கமுடியாது என்று ராத்திரி முழுக்கத் தன்னையே வெறுத்துக்கொண்டு கிடந்தாள். மேடையிலேயே விடைகொடுத்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

இப்போது பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிச் சக்கரத்தின் மேல் கால் வைத்தாள்.

"அண்ணி!"

"கனம்தானே வேணும்? நான் இருக்கேன்."

"வண்டியில இப்பல்லாம் ஆள் ஏறக் கூடாதும்மா. கம்பெனி சட்டம்," என்றார் பிரிங்கிள்.

"அப்ப என்னையும் கரின்னு வெச்சுக்கோங்க."

பக்கத்து வீட்டு ஜெஸ்ஸி, "அடியே, என்னை விட்டுட்டா போற?" என்று அழுதுகொண்டே ஏறினாள். பின்னாலேயே மக்ரே ஏறினார். கேவின் பிரேக்கைத் தளர்த்தினான். வண்டி முனகியது. பிறகு நகர்ந்தது.

எஃபி பெட்டியின்மேல் கவிழ்ந்து கட்டிக்கொண்டாள். இந்த முறை கண்ணை மூடவில்லை. மூடினால் நேற்றைய வண்டி உள்ளே உருண்டு வந்தது.

பாதிச் சரிவில், பக்கத்துத் தண்டவாளத்தில் எதிர்வண்டி மேலே வந்தது. அதில் ஒருவன் சுருட்டிய கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆள் ஏறக் கூடாதுன்னாரே? யாரு இது?" என்றாள் ஜெஸ்ஸி.

மக்ரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கொக்கி மாட்டப் புது ஆளு. மேனேஜர் நேத்து சாயங்காலமே கீழ ஃபோன் போட்டுக் கேட்டிருக்காரு."

நேற்று சாயங்காலம் எஃபி ஆர்ச்சியின் உடம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வண்டிகள் அருகருகே வந்தன. பெட்டியைப் பார்த்ததும் அந்தப் புது ஆள் அவசரமாகத் தொப்பியைக் கழற்றி, தெரியாத அந்தப் பெண்ணுக்குத் தலை வணங்கினான். எஃபியும் வணங்கினாள். இவர்கள் இறங்க இறங்க, அவன் மேலே ஏறிப் போனான்.