சோழகன் களவெடுத்த கருவாடு

எங்கள் நாய் வீட்டில் தின்றதெல்லாம் திரும்பி வந்தது. களவெடுத்துத் தின்றது மட்டும் வயிற்றில் தங்கியது. இது ஏன் என்று இரண்டு கிழமையாக எனக்குப் புரியவில்லை.

நான் தலைமன்னாரில் படகு எஞ்சின் திருத்துகிறவன். பெயர் றெனால்ட். ஒன்று ஏன் ஓடவில்லை என்று தெரியாமல் இருப்பது எனக்குப் பல்லிடுக்கில் மீன்முள் சிக்கியதைப் போன்றது. அதை எடுக்கும்வரை நாக்கு சும்மா இருக்காது.

நாயைக் கண்டெடுத்தவள் என் மனைவி டிலோஜினி. முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு வரும் வழியில், கரையில் கவிழ்ந்து கிடந்த உடைந்த வள்ளத்துக்குக் கீழே அனுங்கல் சத்தம் கேட்டிருக்கிறது. குனிந்து பார்த்தால் ஆறேழு மாதக் குட்டி. பழைய தங்கூசி வலையின் நைலோன் இழை பின்னங்காலைச் சுற்றி இறுகிக் கிடந்தது. நான் குறடு கொண்டுபோய் வெட்டி எடுத்தேன். காயம் பத்து நாளில் ஆறியது. தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசத் தொடங்கிய கிழமை என்பதால் சோழகன் என்று பெயர் வைத்தோம்.

கால் சரியானபிறகுதான் மற்றக் கோளாறு தெரிந்தது. சோழகன் ஆசையாகச் சாப்பிடுவான். தட்டை நக்கிப் பளபளக்க வைப்பான். ஐந்து நிமிடத்தில் தலையைக் குனிவான். தின்ற சோறு, தின்ற நிறத்திலேயே, கயிறு திரித்தது போல நீளமாக வெளியே வந்து விழும். பிறகு அதையே திரும்பவும் தின்னப் பார்ப்பான். அவ்வளவு பசி.

இதற்கிடையில் அடுத்த ஒழுங்கையிலிருந்து, நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் றசாக் வந்தார். அப்துல் றசாக் கரையில் பரண் போட்டு மீன் காயவைக்கும் கருவாட்டு வாடி வைத்திருப்பவர், மீன் லொறியும் ஓட்டுகிறார்.

"தம்பி, உங்கட ஆள் நேற்றும் என்ர பரணுக்கு வந்து போயிருக்கு. ரெண்டு கட்டாக் கருவாடு காணேல்ல."

"நானா, அதின்ர வயிற்றில ஒண்டும் நிக்கிறேல்லையே!"

"என்ர கருவாடு நிக்குது போல. அப்ப பிழை நாயில இல்ல, உங்கட வீட்டுச் சமையலில."

டிலோஜினி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். நானா சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் அவர் சொன்னது உண்மைதான். கருவாடு களவுபோகும் நாட்களில் சோழகன் வயிறு உருண்டு வந்து நிழலில் படுப்பான். ஒன்றும் வெளியே வராது.

எஞ்சினில் பிழை பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பிளக்கையும் எண்ணெயையும் ஒன்றாக மாற்றினால், எது சுகப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது. ஆகவே முதலில் சாப்பாட்டை மாற்றினேன். நானாவிடமே அதே கட்டா மீன் கருவாடு வாங்கித் தட்டில் வைத்தேன். திரும்பி வந்தது. உப்புப் போக ஊறவைத்துக் கொடுத்தேன். வந்தது. பிறகு இடத்தை மாற்றினேன். நானாவின் வாடிக்கே கூட்டிப்போய், அந்தப் பரணுக்குப் பக்கத்திலேயே தட்டை வைத்தேன். அங்கேயும் வந்தது. அதே கருவாடு, அதே இடம், அதே நாய். களவு ஒன்றுதான் மிச்சம். களவெடுப்பதால் சமிபாடு வருமா?

மன்னார் நகருக்குச் சனிக்கிழமைகளில் ஒரு மிருக வைத்தியர் வந்து போவார். அவரிடம் கொண்டுபோனோம். "சத்தி எடுக்குது டொக்டர், ஓயாத வாந்தி," என்றேன். அவர் பொறுமையாக வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஊசி போட்டார், குளிசை தந்தார். குடல் புண்ணாகியிருக்கலாம், கருவாட்டு உப்பு அதற்கு ஆகாது, நாயைக் கட்டி வையுங்கள் என்றார். கட்டி வைத்தோம். அடுத்த சனிக்கிழமை தராசில் விட்டபோது முன்பு ஏழு கிலோ எண்ணூறாக இருந்த எடை ஏழு இருநூறாக இறங்கியிருந்தது.

வைத்தியர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் ஒரு கிழமை பார்ப்பம். ஏழுக்குக் கீழ போனால், பட்டினியில வதைக்காமல் நித்திரை ஊசி போட்டு விடுறதுதான் நல்லது."

வீடு வரும்வரை டிலோஜினி சோழகனை மடியில் வைத்திருந்தாள். திங்கட்கிழமை பட்டறைக்கு வந்து நின்றாள். அப்போது நான் ஒரு எஞ்சினின் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேருங்கோ, வவுனியாவில எக்ஸ்ரே மெஷினோட ஒரு மிருக டொக்டர் இருக்கிறாவாம். காட்டுவம்."

"ஒரு டொக்டர் பார்த்துக்கொண்டிருக்கேக்க இன்னொராளிட்டப் போறது சரியில்ல. என்ர எஞ்சினை வேற ஆளிட்டக் கொண்டுபோனால் எனக்கு எப்பிடி இருக்கும்?"

"இது ஆரின்ர எஞ்சின்?"

"சிங்கராசா அண்ணையின்ர."

"முதல் ஆர் பார்த்தது?"

நான் பம்பைக் கீழே வைத்தேன். பக்கத்து ஊரான பேசாலையில் ஒருவர் இரண்டு தரம் பார்த்தும் சரிவராமல்தான் அது என்னிடம் வந்திருந்தது.

"பார்த்தீங்களே," என்றாள். "எஞ்சினுக்கு ரெண்டாவது ஆள் இருக்கலாம். நாய்க்கு இருக்கக் கூடாதோ?"

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, வவுனியாச் சந்தைக்கு மீன் ஏற்றிப்போகும் நானாவின் லொறியில் நானும் சோழகனும் ஏறினோம். நானா இருக்கைக்குக் கீழே சாக்கு விரித்துத் தந்தார்.

"வாய் என்ர சறத்தில படாமல் பிடிச்சுக்கொள்ளுங்கோ தம்பி. நான் தொழுகிறவன், நாயெச்சில் பட்ட உடுப்போட தொழேலாது. அதோட, இவர் எனக்குப் பதினொரு கருவாடு தரவேணும்."

"சுகம் வரட்டும் நானா, நானே தாறன்."

"நீங்கள் தரவேண்டாம். அவர் எப்பிடிச் செமிக்க வைக்கிறார் எண்டு எனக்குச் சொன்னால் போதும். ரெண்டு கிழமையாய் எனக்கும் நித்திரை இல்ல."

ஆக, முள் சிக்கியது எனக்கு மட்டுமல்ல.

செட்டிகுளம் தாண்டும்போது சோழகன் என் முழங்காலில் தலையை வைத்தான். விலா எலும்புகளை விரலால் எண்ணக்கூடியதாக இருந்தது.

டொக்டர் தனுசியாவுக்கு முப்பது வயதிருக்கும். நான் "சத்தி" என்று தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். தராசில் விட்டார். ஏழு கிலோ நூறு. பிறகு நாயைத் தொடவே இல்லை. ஒரு தட்டில் சோறும் இறைச்சியும் கொண்டுவந்து நிலத்தில் வைத்து, கதிரையில் உட்கார்ந்து பார்த்தார். சோழகன் தின்றான். நாலு நிமிடம். தலை குனிந்தது. கயிறு போலச் சோறு விழுந்தது.

"அண்ணா, வயிற்றைப் பார்த்தனீங்களா?"

"இல்ல டொக்டர்."

"அதுதான் விஷயம். வயிறு அசையவே இல்ல. சத்தி எண்டால் வயிறு எக்கி எக்கித் தள்ளும், மஞ்சள் தண்ணி வரும், மணக்கும். இது சும்மா வழுகி விழுது. இந்தச் சாப்பாடு வயிற்றுக்குப் போய்த் திரும்பி வரேல்ல. போகவே இல்ல."

நான் நிலத்தில் கிடந்த சோற்றைக் குனிந்து பார்த்தேன். இத்தனை நாளும் நாங்கள் வயிற்றுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறோம். அந்தச் சனிக்கிழமை வைத்தியரிலும் பிழை இல்லை. சத்தி என்று சொன்னவன் நான்.

அடுத்ததாக, வெள்ளை மருந்து கலந்த சாப்பாட்டைக் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார். வெளிச்சப் பலகையில் படத்தை மாட்டினார். தொண்டையிலிருந்து வயிறுவரை, மண் நிரப்பிய காலுறை போல ஒரு வெள்ளைப் பை தொங்கியது.

"இதுதான் சாப்பாட்டுக் குழாய். ஒடுக்கமாய் இருக்கவேணும். இவருக்குத் தளர்ந்து அகண்டு போச்சு."

அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன். நாம் விழுங்கும் சோறு தானாக விழுவதில்லை. குழாயின் தசை, பற்பசைக் குழாயை மேலிருந்து விரலால் வழித்துக்கொண்டு வருவதுபோல, அதைப் பின்னாலிருந்து நெருக்கித் தள்ளுகிறது. அதனால்தான் தலைகீழாக நின்றாலும் மனிதனால் விழுங்க முடிகிறது. நாய்க்கு இந்தத் தள்ளல் இன்னும் முக்கியம். நாலு காலில் நிற்கும் நாயின் குழாய் நிலத்துக்குச் சமாந்தரமாகக் கிடக்கிறது. தட்டு நிலத்தில் இருந்தால், சோறு மேட்டில் ஏற வேண்டும். சோழகனின் தசை தள்ளவில்லை. சோறு குழாயில் கிடந்தது. தலை குனிந்ததும் வழுகியது.

"இதுக்கு மருந்து?" என்றேன்.

"தசையைத் திருத்துற மருந்து என்னட்ட இல்ல. சில குட்டிகளுக்கு வளர வளரக் கொஞ்சம் சரிவரும். சிலதுக்கு வராது."

"அப்ப கருவாடு?" என்றது வாசலில் இருந்து ஒரு குரல். மீனை இறக்கிவிட்டு நானா வந்து நின்றார். "கருவாடு மட்டும் எப்பிடிப் போகுது?"

டொக்டர் திரும்பினார். "என்ன கருவாடு?"

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். டொக்டர் நானாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, உங்கட பரண் எவ்வளவு உயரம்?"

"என்ர இடுப்புக்குக் கொஞ்சம் கீழ. நாய்க்கு எட்டக் கூடாதெண்டுதானே உயர்த்திப் போட்டது. கருவாட்டுக்கு மேல காகத்துக்குப் பழைய வலையும் விரிச்சிருக்கு. பரண் ஓரக் கம்பில நகம் கீறின அடையாளம் கிடக்கு."

நகம் கீறிய அடையாளம். நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். சோழகன் பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைக் கம்பில் போட்டு, ஆளைப் போல நிமிர்ந்து தின்றிருக்கிறான்! வலைக் கண்ணுக்குள்ளால் கருவாட்டை நார் நாராக இழுக்க வேண்டும். அரை மணித்தியாலம் நின்றிருப்பான். நான் வைத்த தட்டுகளோ எல்லாம் நிலத்தில். சாப்பாட்டை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், உயரத்தை மாற்றவில்லை.

"டொக்டர், தாங்கி! தாங்கியைத் தூக்கி வைக்கிறது!"

"என்ன?"

"படகில எண்ணெய் நிரப்புற தாங்கி கீழ பலகையில இருக்கும், எஞ்சின் மேல இருக்கும். பம்ப்தான் எண்ணெயை இழுத்து ஏத்துறது. நடுக்கடலில பம்ப் செத்தால் எங்கட ஆக்கள் என்ன செய்யிறவை? மீன் பெட்டிக்கு மேல மீன் பெட்டி அடுக்கி, அதில தாங்கியைத் தூக்கி வைப்பினம். எண்ணெய் தன்பாட்டில இறங்கும். பம்ப் தேவையில்ல. சிங்கராசா அண்ணை அப்பிடித்தான் போன கிழமை கரைக்கு வந்தவர்!"

டொக்டர் சிரித்தார். "ஓம் அண்ணா, அதேதான். இவரை நிமிர்த்தி வைச்சுச் சாப்பாடு குடுங்கோ. குடுத்த பிறகும் இருபது நிமிஷம் நிமிர்ந்தபடி இருக்கவேணும். கூழாய் அரைச்சு, நாளுக்கு நாலு தரம். கருவாடு வேண்டாம், உப்பு. படுத்தபடி தின்ன விட்டால் சுவாசப்பைக்குள்ள போய்விடும், அது ஆபத்து. சனிக்கிழமை பார்க்கிற டொக்டருக்கும் இந்தப் படத்தைக் காட்டுங்கோ."

"அல்லாவே," என்றார் நானா, "என்ர வாடியில வைத்தியம் நடந்திருக்கு. நான் களவெண்டு நினைச்சன்."

பின்னேரம் வீடு வந்ததும் பட்டறையில் கிடந்த வள்ளத்துப் பலகையை அறுத்தேன். உள்ளகலம் ஒரு அடி, உயரம் ஒன்றரை அடி, மேலே திறந்த பெட்டி. நாய் பின்பக்கத்தில் குந்தி, முதுகைப் பின்பலகையில் சாய்த்து, முன்னங்கால்களை முன்பலகைக்கு மேலே போட வேண்டும். தட்டு அதன் முகத்துக்கு நேரே. அடியில் பழைய துவாய்.

முதல் தரம் கொடுத்தபோது ஐந்து நிமிடத்தில் சோழகன் அனுங்கினான். எனக்குப் பாவமாகிவிட்டது. தூக்கி வெளியே விட்டேன். சோறு திரும்பி வந்தது.

"டொக்டர் இருபது நிமிஷம் எண்டவ," என்றாள் டிலோஜினி.

"அது அனுங்குது."

"பாவம் பார்த்தால் ஏழுக்குக் கீழ போகும். தள்ளுங்கோ. செபமாலை நேரமாச்சு, நான் பார்க்கிறன்."

பெட்டியை மாதா படத்துக்கு முன்னால் இழுத்துப்போனாள். இரண்டாந்தரம் கூழைக் கொடுத்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டு, ஒரு கையைச் சோழகனின் நெஞ்சில் வைத்துக்கொண்டு செபமாலையைத் தொடங்கினாள். எங்கள் வீட்டில் செபமாலையின் ஐந்து பகுதிகளான தேவ இரகசியங்களும் சொல்லி முடிய இருபது நிமிடம். இரண்டாம் தேவ இரகசியத்தில் சோழகன் அனுங்கினான். மூன்றாவதில் காதைத் தொங்கப்போட்டுக் கேட்டான். ஐந்தாவதில் கண்ணை மூடிவிட்டான். எனக்குத்தான் செபம் வாயில் நிற்கவில்லை. "அருள் நிறைந்த மரியே" என்று சொல்லிக்கொண்டே அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் தூக்கி வெளியே விட்டோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். சோழகன் முற்றத்தைச் சுற்றி வந்தான், 'ஏவ்' என்று ஒரு ஏவறை விட்டான், படுத்தான். ஒன்றும் வரவில்லை.

"நாளுக்கு நாலு தரம் எண்டால் நாலு செபமாலை," என்றேன்.

"முன்பள்ளி ஆர் போறது? காலமையும் மத்தியானமும் நீங்கள் சொல்லுங்கோ. உங்கட ஆத்துமத்துக்கும் ஒரு திருத்தம் தேவை."

சனிக்கிழமை நாங்கள் இருவரும் மன்னாருக்குப் போனோம். டிலோஜினி தராசைப் பார்க்கப் பயந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். வைத்தியர் தராசில் விட்டார். முள் ஏழைத் தாண்டி ஏறியது. ஏழு கிலோ அறுநூறு. உள்ளே ஓடி வந்து அவள்தான் முதலில் பார்த்துச் சொன்னாள்.

நான் எக்ஸ்ரே படத்தைக் கொடுத்தேன். வேறு ஆளிடம் போனதற்கு முகத்தைச் சுளிப்பார் என்று பயந்திருந்தேன். அவர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு பேனையை என்னிடம் நீட்டினார்.

"பேசாலையிலயும் இப்பிடி ஒண்டு இருக்கு. நான் குடல் எண்டுதான் மருந்து குடுக்கிறன். என்ன செய்தனீங்கள் எண்டு இதில எழுதித் தாங்கோ, அளவோட."

அவருடைய மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்:

ஒரு அடி அகலம், ஒன்றரை அடி உயரம், மேலே திறந்த மரப்பெட்டி. நாயை அதற்குள் நிமிர்த்திக் குந்தவைக்கவும். தட்டு நாயின் முகத்துக்கு நேரே, நிலத்தில் அல்ல. சாப்பாடு கூழாக, நாளுக்கு நாலு தரம். தின்று முடிந்தபின் ஒரு செபமாலை நேரம், அதாவது இருபது நிமிடம், பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கவும். சாப்பாடு தானாக இறங்கி வயிற்றில் தங்கும்.