ஒரு பெட்ஷீட் கூடுதல்

பத்தொன்பது வருஷமாக அந்த ஆஸ்பத்திரித் தெருவில் நான் கால் வைக்கவில்லை. பஸ் அந்த வழியாகப் போனால் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிச் சுற்றி நடப்பேன். முழங்கால் வலிக்கும். வலிக்கட்டும். அங்கே சலவைப் பகுதியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தின இரண்டு மாதத்தில் ஏழு பெட்ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். திருடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது ஒரு கைக்கடிகாரம்கூடக் கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது, எனக்கு நானே பரிசு கொடுத்துக்கொண்டேன். வீட்டில் மனைவியிடம், "விடை கொடுக்கும்போது கொடுத்தாங்க" என்றேன். நம்பிவிட்டாள்.

எடுத்தபோது பயம் இல்லை. அப்புறம்தான் வந்தது. என் சகலை கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவன். அவனிடம் ஒருநாள் யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டுப் பார்த்தேன்.

"வேலை பார்த்த இடத்துல ஒருத்தன் துணி எடுத்துட்டான். ரொம்ப வருஷம் ஆச்சு. இப்பத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"அரசாங்கத் துணியா?"

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

"பென்ஷன்ல கை வைப்பாங்க அண்ணே. ஆள் யாரு? சொன்னீங்கன்னா பேர் போட்டு ஒரு மனு எழுதிடலாம்."

யாருக்கு ஆதரவாக எழுதுவான் என்று அவன் சொல்லவில்லை. அதோடு அவனிடம் வாயைத் திறப்பதில்லை. ஆனால் பென்ஷன் என்ற சொல் வயிற்றில் உட்கார்ந்துகொண்டது. எங்கள் இரண்டு பேருக்கும் அடுப்பு எரிவது அதில்தான்.

இந்த வருஷம் ஹெர்னியா வந்தது. டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்கே சீட்டு எழுதினார். வேறு இடம் இல்லையா என்று கேட்டேன். "ஏன், அங்க யாரோடயாவது சண்டையா?" என்றார். டாக்டர்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள். சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அல்லது அப்படிச் சொன்னார்கள். மறுநாள் காலையில் இவள் பையோடு வந்தாள். கட்டிலில் இருந்த விரிப்பை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தாள்.

"கண்டவங்க படுத்த துணி. இதுல எப்படிப் படுக்கிறீங்க? நம்ம வீட்டுதைக் கொண்டாந்திருக்கேன்."

பைக்குள்ளிருந்து எடுத்து உதறினாள். ஓரம் கிழிந்த இடத்தில் அவள் போட்ட சிவப்பு நூல் தையல். மூலையில் நீல முத்திரை, வருஷத்தோடு. என் ஏழில் ஒன்று.

"வேணாம், எடுத்துட்டுப் போ" என்றேன்.

"மயக்க மருந்து இன்னும் தெளியலை" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிவிட்டு, என்னை உருட்டி உருட்டி விரித்துவிட்டாள்.

நாலு நாள் அந்த மூலையை முதுகுக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். சிஸ்டர் வந்து நடக்கச் சொன்னால் தலை சுற்றுகிறது என்றேன். ஜன்னலோரம் உட்காரச் சொன்னால் வெயில் ஆகாது என்றேன். "இவ்வளவு பயந்த ஆளை நான் பார்த்ததே இல்ல" என்றாள் அவள். எதற்குப் பயம் என்று அவளுக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் காலையில் டிஸ்சார்ஜ். நான் சட்டை மாட்டுவதற்குள் இவள் விரிப்பை மடித்துப் பைக்குள் வைக்கப் போனாள். சிஸ்டர் கண்ணில் நீல முத்திரை பட்டுவிட்டது.

"அம்மா, அது ஆஸ்பத்திரித் துணி. வச்சிடுங்க."

"இதுவா? நல்லாப் பாரு பொண்ணே. இந்தத் தையல் உங்க ஆஸ்பத்திரியில போட்டதா? எங்க வீட்டுக்காரர் இங்க வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆகும்போது மரியாதையா கூப்பிட்டுக் குடுத்தது. அவரையே கேளு."

வார்டில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பென்ஷன் புத்தகம் கண்ணுக்குள் வந்து நின்றது. பழைய திருட்டை மறைக்க வேண்டுமானால் புதிதாக ஒன்று செய்தவனாக ஆகிவிடவேண்டியதுதான்.

"நான்தான் எடுத்தேன் சிஸ்டர். இன்னைக்குக் காலையில. புத்தி கெட்டுப்போச்சு. வாங்கிக்குங்க" என்றேன்.

"என்னங்க உளர்றீங்க?" என்றாள் இவள்.

சிஸ்டர் விவரமானவள். வார்டு முழுக்க நடந்து எண்ணிவிட்டு வந்தாள். "இருபத்தி நாலு கட்டில், நாப்பத்தி எட்டு விரிப்பு. ஒண்ணும் குறையலையே. நீங்க எதை எடுத்தீங்க?" பிறகு முத்திரையில் இருந்த வருஷத்தைப் படித்தாள். "இது நான் ஸ்கூல்ல படிக்கறப்ப உள்ளது." போன் போட்டு ஸ்டோர்காரரைக் கூப்பிட்டாள்.

வந்தவரைப் பார்த்ததும் தெரிந்தது. என் காலத்தில் புதிதாகச் சேர்ந்த ஆள். ஒல்லி என்பதால் பென்சில் என்போம். இப்போது பென்சில் இல்லை, பீப்பாய். அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்தது. முத்திரையைப் பார்த்ததும் முகத்தில் ரத்தம் இல்லை.

"இது இருக்கக் கூடாதே" என்றார்.

"இருக்கே" என்றாள் சிஸ்டர்.

"இந்த வருஷத்துத் துணியெல்லாம் கழிச்சு எரிச்சாச்சு. எல்லாத்தையும் என் முன்னாடி எண்ணி எரிச்சதா நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"எண்ணினீங்களா?"

"ஒரு கட்டு துணியை யார் எண்ணுவா?"

"சரி, ஸ்டோர்ல வச்சிடுங்க."

"அடுத்த வாரம் ஆடிட். ஒண்ணு குறைஞ்சா அதுக்கு ஃபாரம் இருக்கு, எழுதிடலாம். எரிச்ச துணி திரும்பி வந்தா அதுக்கு ஃபாரம் இல்ல சிஸ்டர். வேலை போயிடும்."

"அப்ப கிழிச்சுத் துடைக்கப் போட்டுக்கறேன்."

"என் துணியையா கிழிப்பே?" என்று இவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பென்சில் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, உங்களுக்குக் குடுத்ததுதான். அம்மா சொல்றது சரி. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போயிடுங்க."

பத்தொன்பது வருஷமாக எவன் வந்து பிடிப்பான் என்று பயந்தேனோ, அவன் கெஞ்சுகிறான். எனக்குச் சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரிக்காரன் சும்மா எதையாவது கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

"எழுதிக் குடு" என்றேன்.

"என்னது?"

"இந்தத் துணி எனக்குச் சொந்தம்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லாட்டி நாளைக்கே ஆளை அனுப்புவே."

"அண்ணே, எழுதினாத்தான் வினையே."

"அப்ப நீயே வச்சுக்க."

"நான் எங்க வச்சுக்கறது?"

சிஸ்டர் திரும்பிக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. பக்கத்துக் கட்டில்காரர், "எனக்குக் குடுங்கப்பா, நான் வச்சுக்கறேன்" என்றார். பென்சில் அவரை முறைத்தார்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். கேட்டில் பை சோதனை உண்டு, முத்திரையோடு மாட்டினால் எல்லோரும் காலி. ஊழியர்களைச் சோதிப்பதில்லை. அவரே வெளியே கொண்டுவந்து பஸ் நிறுத்தத்தில் கொடுத்துவிடுவார். திரைக்குப் பின்னால் போய் சட்டையைத் தூக்கி விரிப்பை வயிற்றில் சுற்றினார். சுற்றின லட்சணத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"தள்ளு" என்றேன். "நீளவாக்குல நாலா மடி. பின்னாலேருந்து ஆரம்பி. முன்னால முடிச்சு வந்தா புடைக்கும், விலா ஓரத்துல சொருகு. மூச்சை வெளியே விடு. இப்ப இறுக்கு." தையல் வலியைப் பொறுத்துக்கொண்டு நானே கட்டிவிட்டேன். சட்டையை இறக்கினார். பத்து வயது குறைந்த மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"அடேங்கப்பா" என்றார் பென்சில்.

திரும்பினேன். இவள் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டில் வாட்ச்மேன் எங்கள் பையைக் கொட்டிப் பார்த்தான். டம்ளர், சீப்பு, மாத்திரை. பென்சிலுக்கு சல்யூட் அடித்தான். பஸ் நிறுத்தத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் துணி கை மாறியது. பென்சில் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்த அவசரத்தைப் பார்த்த பிறகுதான் இனி என்னைத் தேடி ஒருவனும் வரமாட்டான் என்று நம்பினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு நிறுத்தம் தாண்டியதும் இவள் கேட்டாள்.

"ஏழுமா?"

"ஏழும்தான்."

"மரியாதையா கூப்பிட்டுக் குடுத்தாங்கன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன்."

"நீ ஏன் ஊரெல்லாம் சொன்னே?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரி, பேச்சு ஒரு மாதத்துக்கு இல்லை என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் முழங்கை என் விலாவில் இடித்தது.

"ஒண்ணைக் கிழிச்சு ரெண்டு உள்பாவாடை தைச்சேனே."

"ஆமா."

"அதுல ஒண்ணைத்தான் இப்பக் கட்டியிருக்கேன்." குரலை இறக்கினாள். "அஞ்சு நாளா அந்த வாட்ச்மேன் முன்னாடி இதோடதான் போயிட்டு வந்திருக்கேன். நேத்து அவன்கிட்ட, உள்ள திருட்டு பயம் உண்டா தம்பின்னு வேற கேட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். முன் இருக்கைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"சிரிக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும். திரும்ப அங்கதான் போகணும்."

"போனாப் போறது" என்றேன்.