மஞ்சள் வைத்த மீட்புச் சாவி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை, காதில் விழுந்தது. பென்ஷனுக்கான வாழ்நாள் சான்றிதழுக்காக உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெண் தன் புருஷனிடம் கேட்டாள்:

"மஞ்ச வெச்சது ஒரு குத்தமா?"

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியெல்லாம் நான் கட்டுவது.

2

தொடக்கம்: பரிமளா, தன்னைச் சூழ்ந்த இருளை வெறித்தபடி—

வேண்டாம். சுள்ளென்று வெயில் அடிக்கும்போது ஏது இருள்?

மறுபடி: பரிமளா தன் பாஸ்வேர்டுகளையெல்லாம் ஒரே செயலியில் பூட்டி வைத்திருந்தாள். அந்தச் செயலியைத் திறக்கும் பாஸ்வேர்டு மறந்துபோயிற்று. ஆசிரியர் தேர்வுத் தளத்தின் பாஸ்வேர்டு உள்ளே. அதை மாற்றித் தரும் மின்னஞ்சலின் பாஸ்வேர்டும் உள்ளே. ஹால் டிக்கெட் எடுக்க இன்று சாயந்திரத்தோடு கெடு. வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசித் தேர்வு.

(ஓடிபி வராதா என்பீர்கள். அது வரும் சிம் எப்போதோ செத்துவிட்டது.)

3

செயலி முதல் நாளே ஒரு மீட்புச் சாவியைக் கொடுத்திருந்தது. எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசை. அச்செடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னது. பத்திரம் என்றால் பரிமளாவுக்குச் சாமி அலமாரி. புதுக் காகிதம் வெறுமனே சாமியிடம் போகலாமா? மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் வைத்தாள். அச்சு மையோ தண்ணீர் பட்டால் கரையும் ரகம். மூலைவரை ஓடியிருந்த வரிசையின் கடைசி எழுத்து மஞ்சளோடு போய்விட்டது.

4

புருஷன் பார்த்திபனை முதலில் கோபக்காரனாக எழுதினேன். "படிச்சவ பண்ற வேலையா இது" என்று அவன்—

அடித்துவிட்டேன். அந்தக் குரல் காதில் நிற்கவில்லை. நின்றது இது:

"இன்னா, ஒரே ஒரு எழுத்துதான போச்சு?"

"ஒண்ணு போனாலும் தொறக்காதுய்யா."

"சாமி அத்த மட்டும் வெச்சிக்கினு மீதிய குடுத்துட்ச்சில்ல."

"நீ வேற. பொழுது போய்க்கினே கீது."

"ஏ-ல இருந்து ஒவ்வொண்ணா போட்டுப் பாப்போம். நான் சொல்றேன், நீ தட்டு."

"தப்பா போட்டா காக்க வெக்கும். வரவர ஜாஸ்தியா வெக்கும்."

"உன்னக் கட்டிக்குடுக்க உங்க நைனா காக்க வெக்கல? இருந்தனா இல்லியா?"

அவள் சிரித்துவிட்டாள். எனக்கு அது போதும். கதைக்குப் போதாது.

5

ஒரு முடிவு: 'டி' என்றதும் திறந்துகொண்டது. இத்தனை சுலபத்தில் திறந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

இன்னொன்று: எல்லாம் போட்டும் திறக்காமல் அவர்கள்—

இது பொய். இருப்பதே கைக்கடங்கிய எழுத்தும் எண்ணும்தான். சரியானது அதற்குள் இருந்தே ஆகவேண்டும். பொழுது சாய்வதற்குள் அகப்படவேண்டும், அவ்வளவுதான்.

பாதிக்கு மேல் போட்டாயிற்று. பார்த்திபன் தொண்டை வறண்டு தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான். காத்திருப்பு முடிந்து திரையில் கட்டம் மறுபடி காலியாக வந்து நிற்கிறது. பரிமளா விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, திரும்பாமலே கேட்கிறாள்:

"அடுத்தது இன்னா?"

சொல்லுங்கள். இப்போது அங்கே இருப்பது நீங்கள்தான்.