பூஜ்ஜியம் தொடாத எண்

தம்பியின் வலது கையில் நான்கு விரல்கள் போன மறுநாளிலிருந்து, கம்பெனியில் எல்லோரும் அக்காவைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். முதலாளி மட்டும் தாழ்த்தவில்லை. அவருக்கு அது வராது. எதிரே ஓராள் நின்றாலும் ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசுவதால்தான் அவருக்கு 'மைக்' என்று பெயர்.

"விசாரணைன்னு பயப்படாதேம்மா. நம்ம மெஷின் நிக்காம ஓடுச்சுன்னு சொல்லு, போதும். உண்மையும் அதுதானே?"

உண்மைதான். அவள் பயந்ததும் அதற்குத்தான்.

டப்பா மூடிகளை அடிக்கும் பிரஸ் அது; ஓடவிட்டால் தானாக அடித்துக்கொண்டே இருக்கும், நிறுத்தச் சொன்னால்தான் நிற்கும். அதை இயக்கும் பெட்டிக்கு புரோகிராம் எழுதியவள் அக்கா. பிரஸ்ஸில் நின்றவன் தம்பி. பெட்டிக்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சில்லு. அதற்குள் மூன்று எண்ணிகள். ஓர் எண்ணைப் போட்டுவிட்டால், துடிப்புக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போகும். முதலாவது, பூஜ்ஜியம் வந்ததும் மணியடித்துவிட்டு மறுபடி தொடங்கும். பெட்டியின் நாடி அதுதான். இரண்டாவது, அடித்த மூடிகளுக்குக் கணக்கு. மூன்றாவது காவல். அது பூஜ்ஜியத்தைத் தொட்டால் பிரஸ்ஸின் கரண்டை வெட்டிவிடும். தொடாமலிருக்க, புரோகிராம் தன் ஒவ்வொரு சுற்றிலும் வந்து எண்ணைத் திரும்ப நிரப்பவேண்டும். புரோகிராம் எங்காவது மாட்டிக்கொண்டால் நிரப்ப ஆள் வராது, எண் கரையும், பிரஸ் நிற்கும். எழுதியவளையே நம்பாத எண்ணி அது. நம்பாமலிருப்பதுதான் அதன் உத்தியோகம்.

புது ஷெட்டின் திறப்பு விழாவுக்கு முதல் நாள் பிரஸ் நின்றது. ஓட்டினார்கள், மறுபடி நின்றது. அச்சின் வாயில் கை இருக்கிறதா என்று பார்க்கும் ஒளித்திரையை, புரோகிராம் ஒவ்வொரு அடிக்கும் கேட்கும். அதிர்வில் ஏதோ ஒரு ஒயர் ஆடி, சில சமயம் பதில் வரவில்லை. பதில் வரட்டுமென்று புரோகிராம் வாயைப் பிளந்து நின்றது. காவல் எண்ணி தன் வேலையைச் செய்தது.

"ஒயரைத் தேடணும் சார். ரெண்டு நாள் குடுங்க."

"நாளைக்கு மந்திரி வர்றாரும்மா! வாசல்ல பேனர் பாத்தியா? 'நிற்காது எங்கள் பயணம்'னு போட்டிருக்கு. மெஷின் நின்னா மந்திரி நிப்பாரா? அந்தக் காவலைக் கழட்டி எறி."

கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் அதைவிட மோசமான ஒன்றைச் செய்தாள். எண்ணை நிரப்பும் அந்த ஒரே வரியை புரோகிராமின் சுற்றிலிருந்து எடுத்து, முதல் எண்ணி மணியடிக்கும்போதெல்லாம் தனியாக ஓடும் துண்டுப் புரோகிராமுக்குள் போட்டாள். புரோகிராம் செத்துக் கிடந்தாலும் அந்த மணி அடிக்கும், எண் நிரம்பும். வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டால், சுவர்க்கடிகாரம் "இருக்கிறார்" என்று பதில் சொல்கிற ஏற்பாடு.

விழாவில் பிரஸ் நிற்கவே இல்லை. மைக் மட்டும் நடுவில் ஒருமுறை தண்ணீர் குடிக்க நின்றார். விழா முடிந்ததும் வரியைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம் என்றிருந்தாள். மறுநாளே புது ஆர்டர் வந்தது. அதற்காக வாங்கிய புது பிரஸ்களின் பெட்டிகளுக்கும் அதே புரோகிராம்தான் போயிற்று.

தம்பி, கூட வேலை செய்பவர்களிடம் பீற்றிக்கொள்வான். "எங்கக்கா மெஷின்டா. கையை விட்டுப் பாரு, மரியாதையா நின்னுடும்." மாட்டிக்கொண்ட மூடியை எடுக்க அவன் கையை விட்டபோதெல்லாம் நின்றது. ஒயர் ஆடிய அன்று நிற்கவில்லை. இரண்டாவது எண்ணி அந்த அடியையும் ஒரு மூடி என்று சேர்த்துக்கொண்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் மைக் முழங்கினார்.

"காவல் வேலை செய்யுது சார். எண் பூஜ்ஜியத்துக்கே வரல. அப்படின்னா புரோகிராம் நல்லாத்தான் ஓடியிருக்கு. பையன் அவசரப்பட்டுட்டான். பாவம்."

'பாவம்' மட்டும் கொஞ்சம் மெதுவாக வந்தது.

"இல்ல சார்," என்றாள் அக்கா. "ஷெட்டுக்கு வாங்க. காட்டுறேன்."

பிரஸ்ஸை ஓடவிட்டு ஒளித்திரையின் ஒயரைப் பிடுங்கினாள். பிரஸ் அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே ஒரு மரக்கட்டையை நீட்டினாள், சிதறியது. பிறகு எல்லாவற்றையும் நிறுத்தி, அந்த வரியை அதன் இடத்தில் வைத்து, மறுபடி ஓட்டி, ஒயரைப் பிடுங்கினாள். நீட்டிய கட்டையைத் தொடுமுன் பிரஸ் நின்றது.

"வரியை மாத்தினது யாரு?" என்றார் அதிகாரி.

"நான்தான். காவல் வேண்டாம்னு சொன்னது இவரு."

"எனக்கு வரி கிரியெல்லாம் என்ன சார் தெரியும்?" என்றார் மைக். "மெஷின் நல்லா ஓடணும்னு ஆசைப்பட்டது ஒரு தப்பா?"

ஆசைப்பட்டது தப்பில்லை என்று முடிவாயிற்று. அக்காவுக்கு வேலை போயிற்று.

வீட்டில் தம்பி இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"என் தப்பு இல்லன்னு சொல்லிட்டாங்களாக்கா?"

"சொல்லிட்டாங்கடா."

"அப்ப மெஷின் தப்பா?"

அவள் குனிந்து பொத்தானைப் போட்டுவிட்டாள். "என் தப்பு."

அவன் சுவரைப் பார்த்தபடி கேட்டான்.

"மத்த மெஷின்லயெல்லாம் அந்த வரியை மாத்திட்டாங்களா?"

"மாத்தினா அடிக்கடி நிக்குமாம். உற்பத்தி கெட்டுப்போயிடும்னு மைக் ஒத்துக்கல."

"அப்ப?"

"ஓடிட்டிருக்கு."