ஆளில்லாக் குளங்கள்

பழைய நிலப்படங்களைக் கணினியில் ஏற்றுவது மதுஜாவின் வேலை. குடும்பம் புலம்பெயர்ந்து குடியேறிய லாங்கன்தால் நகரில் வீட்டிலிருந்தே செய்வாள். நீருக்கு நீலம், காட்டுக்குப் பச்சை, வீட்டுக்குறி இல்லாத இடத்துக்கு ‘மனிதர் இல்லை’. கனடாவின் வடக்கே ஏரிகள் நிறைந்த காடுகளையெல்லாம் இப்படித்தான் முடித்து அனுப்பியிருந்தாள். யோசிக்க என்ன இருக்கிறது?

இன்று திரைக்கு வந்தது வெள்ளைக்காரன் காலத்து வன்னி. அப்பா பாலசிங்கம் தேநீர்க் கோப்பையோடு எட்டிப்பார்த்தார்.

“இது எங்கடை குளமெல்லோ! ஆக்கள் இல்லையெண்டு ஏன் போடுறாய்?”

“படத்திலை வீடொண்டும் இல்லையப்பா.”

“எங்கடை ஆக்கள் மண்வீட்டிலை இருந்தவை. அதை அவன் வீடெண்டு கீறேல்லை. அப்ப குளக்கட்டு என்ன, தானா முளைச்சதோ?”

மதுஜா மேலாளரிடம் எழுதிக் கேட்டாள். உடனே பதில் வந்தது: ‘படத்தில் இல்லாதது நமக்கும் இல்லை.’ அவள் ‘மனிதர் இல்லை’ என்பதை அழுத்தினாள்.

அப்பா கோப்பையை வைத்தார். “அப்ப அங்கையிருந்து உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடிவந்தவன் ஆர் பிள்ளை?”

மதுஜா முன்பு முடித்தனுப்பிய படங்களைத் திறந்தாள். கனடாவின் ஏரிக்கரைகளிலிருந்து எத்தனை பழங்குடிகளைத் துடைத்தெறிந்தாளோ! அன்று இப்படிக் கேட்க யாருடைய அப்பாவும் எட்டிப்பார்த்திருக்கவில்லை.